இருபத்து மூன்றாம் வகை

இசக்கியம்மாளிடம் பழங்காசுகளைப் பற்றிப் படிக்க வந்தவர்களிலேயே மூத்தவர் சுடலைமணி. தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர். குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை. இரட்டைக் கயல் பொறித்த பழைய செப்புக் காசுகளை வகை பிரித்து, ஒவ்வொன்றையும் கையால் வரைந்து அவர் ஒரு நூல் எழுதியிருந்தார். அந்த நூலில் இருந்தால் அந்தக் காசு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வட்டாரத்தில் காசு பார்ப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

அன்று மதிய இடைவேளையில் சுடலைமணி ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீங்களா?"

"இறங்காது டீச்சர்."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸிலும் அதைத்தான் செய்துகொண்டு வந்தார். பைக்குள் ஒரு காகித உறை. உறைக்குள் ஊர் அருங்காட்சியகத்தின் காசு ஒன்று. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

வருடாந்தரச் சரிபார்ப்புக்கு அவரை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதிவேட்டில் போட்டோ கிடையாது. நூலில் உள்ள எண் மட்டும் உண்டு. தட்டில் இருந்த காசுகளை ஒவ்வொன்றாக நூலோடு ஒப்பிட்டு வந்தவர் இருபத்து மூன்றாம் வகையில் நின்றுவிட்டார். படத்தில் கயல்களுக்குக் கீழே ஒரு கோடு. காசில் கோடு இல்லை.

"யாரிட்டயும் சொன்னீங்களா?"

"செயலாளர் பக்கத்துலயே நின்னார். 'மாத்திட்டாளா?'ன்னு கேட்டுட்டார்."

செயலாளர் சொன்னது அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் லூர்தம்மாளை. பன்னிரண்டு வருடமாக அலமாரிச் சாவி அவளிடம்தான் இருந்தது. காலையிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

"நாலு மணிக்குக் கூட்டம். இது அந்தக் காசு இல்லைன்னு நான் எழுதிக் கொடுத்தா போலீசுக்குப் போயிரும். அவ வாசப்படியிலயே உக்காந்திருக்கா. 'அண்ணாச்சி, நான் அதைத் துடைக்கக்கூட இல்லியே'ங்கா."

இசக்கியம்மாள் சாப்பாட்டை மூடிவைத்துக் கை கழுவிவிட்டு வந்தார். லென்ஸை வைத்துக் காசை வெகுநேரம் பார்த்தார்.

"இதைப் பாத்துத்தானே டீச்சர் நூல்ல வரைஞ்சீங்க?"

"அந்த அலமாரியில இருந்ததைப் பாத்துத்தான். வேற எங்கயும் இந்த வகை கிடைச்சதில்ல."

"கோடு தேஞ்சிருக்குமோ?" அப்படியே இருந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார்.

"தேஞ்சா தடம் இருக்கும். இங்க தடமே இல்ல."

சுடலைமணி கடிகாரத்தைப் பார்த்தார்.

இசக்கியம்மாள் நூலை மேசை டிராயருக்குள் வைத்து மூடினார். ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"காசை வரைங்க."

"இப்பவா? மணி ஒண்ணேகால் டீச்சர்!"

"தபால் ஆபீஸ்ல இந்த அவசரத்தைக் காட்டியிருந்தா எங்க லெட்டரெல்லாம் என்னைக்கோ வந்திருக்கும். வரைங்க."

வரைந்தார். முதலில் விளிம்பு. இடப்பக்கம் சின்ன உடைப்பு. நடுவில் செங்கோல், இருபுறமும் கயல். வலது கயலின் வால் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. வெளியே பிள்ளைகளின் சத்தம். அவர் காதில் கடிகாரம் மட்டும்தான் கேட்டது. முடித்துத் தாளை நகர்த்தினார்.

இசக்கியம்மாள் நூலைத் திறந்து படத்தின் பக்கத்தில் தாளை வைத்தார்.

"உடைப்பு, வாலு எல்லாம் அப்படியே இருக்கு. போலி செஞ்சவன் கெட்டிக்காரன்தான்" என்றார் சுடலைமணி.

"கயலுக்குக் கீழ பாருங்க."

பார்த்தார். தாளில் ஒரு கோடு இருந்தது. அவரே போட்ட கோடு.

காசைப் பிடுங்காத குறையாக எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். கோடு இல்லை.

"காலையிலேருந்து கோடு இல்ல, கோடு இல்லன்னு சொல்லிட்டிருக்கிறது நீங்கதான்."

"எப்பப் போட்டேன்னே தெரியல டீச்சர். மூணு வருஷமா உங்க படத்தைப் பாத்துப் பாத்து வரைஞ்ச கை..."

"முதல் இருபத்திரண்டு வகையிலயும் கோடு உண்டு. அதையெல்லாம் வரைஞ்சு முடிச்ச கைதான் எனக்கும்."

அப்படியானால் லூர்தம்மாள் எதையும் மாற்றவில்லை. பிறகுதான் சுடலைமணியின் கண் திறந்திருந்த நூலில் விழுந்தது.

"அப்ப நூல் தப்பா? பதினேழு வருஷமா எல்லாரும் அதை வச்சுத்தானே... அதை நான் எப்படி எழுதுவேன்?"

"நீங்க எழுத வேண்டாம். நான் எழுதுறேன். ஹெச்.எம்.கிட்ட சொல்லிட்டு நாலு மணிக்கு நானும் வரேன்."

"அவளைக் காப்பாத்த நாம ஜோடிச்ச கதைம்பாங்க."

"சொல்லுவாங்க. கை எப்படித் தப்புப் பண்ணும்னு காட்ட உங்க படம் இருக்கு. தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதையும் சேர்த்துக் கொடுத்துருவோம்."

சுடலைமணி பென்சிலை எடுத்தார். மறுபடி கீழே வைத்தார். முப்பத்தைந்து வருட வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை அவர்.

"காசைக் கையில வச்சுக்கிட்டே இல்லாத கோட்டைப் போட்டவன்னு செயலாளர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இதைச் சேர்த்துத்தான் ஆகணுமா டீச்சர்?"

இசக்கியம்மாள் தன் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அங்க ஒருத்தி தலையில பழியை ஏத்தி உக்கார வச்சிருக்காங்க அண்ணாச்சி. இறக்கினா எங்கயாவது வைக்கணும்ல? நாம ரெண்டு பேர் இருக்கோம்."