நடுவில் இரண்டு, ஓரத்தில் இரண்டு

காட்டாற்றில் வெள்ளம். இரண்டு அணில்கள் தனித்தனிக் கட்டைகளில் மிதந்து வந்தன. முன்னால் பெருஞ்சுழல். ஒற்றைக் கட்டை என்றால் அது உருட்டி விழுங்கிவிடும்.

ஆமை ஒன்று பாறையிலிருந்து தலையை நீட்டியது. "கட்டைகளை ஒட்டுங்கள்! இருவரும் நடுவில் படுங்கள். முன்னங்கால் ஒரு கட்டையில், பின்னங்கால் மறு கட்டையில்!"

அணில்கள் அப்படியே படுத்தன. கட்டைகள் இறுகின. சுழலைத் தாண்டிக் கரை சேர்ந்தன.

பின்னால் இதைப் பார்த்துக்கொண்டே வந்தன நான்கு ஓணான்கள். ஒரு கட்டையில் அண்ணனும் மனைவியும். மற்றதில் தம்பியும் மனைவியும்.

"ரெண்டு பேருக்கே அவ்வளவு பிடிப்பு! நாம நாலு பேர்டா தம்பி!"

"இரட்டைப் பலம், அண்ணே!" தம்பி ஓணான் பலமாகத் தலையாட்டியது.

"கணக்கு அப்படி வராது," என்றது ஆமை. "தனிக் கட்டையில் ஓர் இடம். ஓர் இடத்துக்கு இருவர். இரண்டு கட்டைகள் சேர்ந்தாலும் இடம் இரண்டுதான். ஒன்று நடுவில், அது சேர்க்கும். மற்றது வெளி ஓரங்களில், அது பிரிக்கும்."

"வெள்ளத்துலயும் பாடமா!" என்றது அண்ணன்.

கட்டைகள் ஒட்டின. மனைவிகள் இரண்டும் நடுவில் படுத்துப் பற்றிக்கொண்டன. மூன்றாவதாக அண்ணன் கால் வைத்ததும் நடுப்பகுதி அமிழ்ந்தது. அண்ணனும் தம்பியும் அலறிக்கொண்டு ஆளுக்கொரு வெளி ஓரத்துக்கு ஓடின. அந்தப் பாரத்தில் கட்டைகள் வெளிப்பக்கம் புரண்டன. நடுவில் இடைவெளி விழுந்தது.

"அண்ணி, விட்டுடாதீங்க!"

"விடலை தம்பி! நகம் பிய்யுது!"

"ஓரத்தில் இருப்பவர்களில் ஒருவர் ஆற்றில் குதியுங்கள்! பாதிப் பிடிப்பாவது மிஞ்சும்!" என்று கத்தியது ஆமை.

"நீ சின்னவன், நீந்திடுவே," என்றது அண்ணன்.

"நீங்க பெரியவர். முன்னால போங்க!" என்றது தம்பி.

இரண்டில் ஒன்றும் குதிக்கவில்லை. மனைவிகளின் பிடி நழுவியது. கைக்குக் கிடைத்த கட்டையில் ஒவ்வொன்றும் ஒட்டிக்கொண்டது. கட்டைகள் பழையபடி தனித்தனியாயின. சுழல் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டியது.

ஆமை சொன்னது முழுவதும் சரி. அதை ஒப்புக்கொள்ளத்தான் யாரும் மிஞ்சவில்லை.

கட்டையை அணு என்றும், ஏறி வந்தவற்றை எலக்ட்ரான் என்றும் வைத்துக்கொண்டால், ஓர் எலக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு இணைவதும், இரண்டு எலக்ட்ரான் கொண்ட ஹீலியம் அணுக்கள் இரண்டு இணையாததும் இதே கதைதான்.

நீதி: எந்தச் சேர்க்கையும் பிணைக்கும் இடத்தோடு பிரிக்கும் இடத்தையும் உண்டாக்கும்; இரண்டும் நிரம்பிவிட்டால், சேர்ந்ததில் மிச்சம் ஒன்றுமில்லை.