தொட்டி கூப்பிட்ட வெள்ளிக்கிழமை

கடலோர நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஜெசிந்தா இருபத்தேழு வருடமாக வரலாறு நடத்தி வந்தாள். ஆள் இல்லாததால் கணினிப் பாடமும் அவள் தலையில் விழுந்தது. உள்ளங்கை அளவுக் குட்டிக் கணினிகள் பத்து வந்தன. பிள்ளைகள் எழுதும் கட்டளைப்படி அவை விளக்கு எரிக்கும், சத்தம் போடும். ஜெசிந்தா அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

பயிற்சி கொடுக்க முபீனா வந்தாள். ஜெசிந்தாவின் மகள் வயதுதான்.

"மாசக் கடைசிக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர்கள வெளிய எடுக்கலைன்னா வேற ஸ்கூலுக்குக் குடுத்துருவாங்களாம் மேடம். எனக்கே தெரியாதத நான் எப்படிச் சொல்லிக்குடுக்க?" என்றாள் ஜெசிந்தா.

முபீனா பீரோவைத் திறக்கச் சொன்னாள். அன்று முழுக்க ஏழாம் வகுப்புக்கும் ஜெசிந்தாவுக்கும் சேர்த்துக் கட்டளை எழுதும் விதத்தைக் காட்டினாள். கிளம்பும்போது சொன்னாள்.

"மாடித் தொட்டி தினமும் வழியுதுல்ல? நிறைஞ்சதும் இந்தக் கம்ப்யூட்டர் கத்தணும்."

"எப்படி மிஸ்?" என்றாள் முதல் பெஞ்சு அன்னபாக்கியம்.

"டீச்சர்கிட்ட கேளுங்க."

முபீனா பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வகுப்பு முழுக்க ஜெசிந்தாவைப் பார்த்தது. அவள் ஒரு குட்டிக் கணினியைக் கையில் எடுத்து, "எனக்கும் தெரியாது. வாங்க, பார்ப்போம்" என்றாள்.

இரண்டு ஆணியில் வயர் சுற்றி, மறுமுனையைக் குட்டிக் கணினியில் மாட்டி, ஆணிகளைத் தொட்டியின் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டார்கள். தண்ணீர் தொட்டால் கத்த வேண்டும். கத்தவில்லை. கட்டளையை மாற்றி எழுதினார்கள். மறுநாள், காலித் தொட்டியிலேயே விடாமல் கத்தியது. ஜெசிந்தா புடவையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். பின்னாலேயே ஏறி உள்ளே எட்டிப் பார்த்த அன்னபாக்கியம், "டீச்சர், ஆணி ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றாள்.

மர ஸ்கேலின் இரு முனையிலும் ஆணிகளைக் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. வகுப்பே மைதானத்துக்கு ஓடியது. ஒரு சொட்டு வழியவில்லை. தலைமையாசிரியர் தானே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார். ஜெசிந்தா பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் முபீனா வந்தபோது பீரோ காலியாக இருந்தது. பத்தும் பிள்ளைகள் கையில். டீச்சர் முதல் நாள் சொன்னதிலிருந்து தொட்டி கத்தியது வரை அன்னபாக்கியம் அவளிடம் ஒப்பித்தாள்.

"இத எப்படிச் செய்யணும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே மேடம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தெரியும்."

"சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்" என்றாள் முபீனா. "ஆனா, ‘எனக்கும் தெரியாது, வாங்க பார்ப்போம்’னு பிள்ளைங்ககிட்ட நான் எப்படி டீச்சர் சொல்ல முடியும்?"