விளக்கிய விளக்கு

பழைய ஆலை விளக்கு, கப்பல் விளக்கு என்று தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் கோயம்புத்தூர்ப் பக்கம் அம்சவேணியை மிஞ்ச ஆளில்லை. அந்த வித்தையில் அவருக்குச் சீடர் சென்னியப்பன். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபதுக்கு மேல். அதனால் என்ன? கற்றுக்கொள்ள வெட்கப்பட்டால் ஆகுமா?

அம்சவேணியிடம் ஒரு நூல் மில்லின் வாசல் விளக்கு இருந்தது. குடை அகலத்துக்கு எனாமல் தொப்பி. யார் கேட்டாலும், "வீட்டைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்பார். பார்த்துவிட்டுக் கொடுக்காமலே திரும்பிவிடுவார். சென்னியப்பனுக்கோ அந்த விளக்கின்மேல் உயிர்.

ஒரு சாயங்காலம் அம்சவேணி இவர் வீட்டுக்கும் வந்தார். பெண் பார்க்க வந்தவர்களைக் கண்டதுபோலப் பரபரத்தார் சீடர்.

கூடம் முழுக்க விளக்குகள் தொங்கின. ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சம் விழும்படி சுவரில் குட்டிக் குட்டியாக ஃபோகஸ் லைட்.

"இது கப்பல் விளக்குங்க அம்மிணி. புளி போட்டு விளக்கி விளக்கிக் கையே தேஞ்சுபோச்சு. அது ரயில்வே யார்டுல இருந்தது. இதோ, இதுதானுங்க நம்ம பவுண்டரி விளக்கு! நான் வேலை பார்த்த அதே உலைக்கு மேல தொங்கினது!"

"விளக்கையும் விளக்கிட்டீங்க, எனக்கும் விளக்கிட்டீங்க" என்ற குரு, போய்ச் சுவிட்சைத் தட்டினார். ஃபோகஸ் லைட்டெல்லாம் அணைந்தது. கூடம் இருண்டுபோனது.

"ஏனுங்ண்ணா, இத்தனை விளக்கு இருக்கற வீட்டுல இருட்டா?"

சீடர் திணறினார். "ஒயரெல்லாம் புதுசுங்க. பல்புதான் மாட்டலை. சூட்டுல எனாமல் கெட்டுப்போயிருமோன்னு..."

"அடேயப்பா! உலைச் சூட்டுல அத்தனை வருஷம் தொங்கினது, உங்க பல்புச் சூட்டுக்குக் கெட்டுப்போகுமாக்கும்!"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. நம்ம பவுண்டரி விளக்கை நாமே நோஞ்சானாக்கி வைத்திருக்கிறோமே! ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் வட்டமாகத் தரையில் இறங்கியது. அப்படியே ஷிப்டு நேரத்து வெளிச்சம். உலையடியில் நின்ற காலத்து மிடுக்கு உடம்பில் ஏறிக்கொண்டது. பெருமை தாங்காமல் மீசையைத் தடவினார்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி பாவாத்தாள் முறத்தோடு வந்தார். வெளிச்சத்துக்கு நடுவில் உட்கார்ந்து துவரம்பருப்பில் கல் பொறுக்க ஆரம்பித்தார்.

"பாவாத்தா, மேல பாரு! எப்படி இருக்குது நம்ம விளக்கு?"

அவர் நிமிரவே இல்லை. "கல்லு நல்லாத் தெரியுதுங்க."

சீடரின் முகம் தொங்கிப்போனது. "பார்த்தீங்களா அம்மிணி? அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டேங்கறா. மில்லு விளக்கு எனக்கு இல்லைன்னு ஆயிப்போச்சுங்களா?"

அம்சவேணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு வண்டியில அனுப்பறனுங்ண்ணா. எங்க மாட்டறதுன்னு கல்லு பொறுக்கறவங்களைக் கேட்டு வையுங்க."