வெள்ளச்சி தொண்டையும் பருத்திப் புழுவும்

ஒரு ஊர்ல, அதுவும் மலை உச்சில, ஒரு வாயாடி இருந்தா. பேரு வெள்ளச்சி. வாயாடின்னா உன்ன மாதிரி இல்ல தங்கம், உனக்கும் மேல. அவ "ஊஊஊய்!"னு ஒரு சத்தம் போட்டா எதிர்மலைல மேயற ஆடு தலையத் தூக்கிப் பாக்கும். தினை வெளையற காலத்துல கிளி, மைனா, சிட்டுன்னு கூட்டமா வந்து எறங்குமா, இவ ஒரு குரல் குடுத்தாப் போதும், விர்ர்ருனு அத்தனையும் பறந்துரும். அவளுக்கு அதுல ஒரே பெருமை. கேக்கிறியா? ம் சொல்லு.

"ம்."

அந்த மலைல என்ன செய்வாங்கன்னா, காட்டுல ஒரு எடத்த வெட்டி, காயவச்சு, தீ வச்சு, அந்தச் சாம்பல்ல வெதைப்பாங்க. தினை, துவரை, நடுவுல பருத்தி, எல்லாம் ஒண்ணாக் கலந்துதான். வெட்டின மரத்தோட அடிக்கட்டைங்க கருகிப்போயி அங்கங்க நிக்கும். அடுத்த வருசம் அந்த எடத்தக் காட்டுக்கே விட்டுட்டு வேற எடம் போயிருவாங்க. ஒரே எடத்துல இருந்தா புழு பூச்சிக்கு வீடு தெரிஞ்சு போயிரும்ல!

அப்போ வெள்ளச்சி வயித்துல பாப்பா. அவ புருசன் சடையன், "புது எடம் வெட்டலாம் புள்ள"ன்னான். இவ விடுவாளா? "வாந்தியும் மயக்கமுமா கெடக்கறேன், என்னைய மலை ஏறச் சொல்றியா மாமா? பழைய காடே போதும். ஆனா பருத்தி நெறைய போடு. நான் சாக்குல படுத்து வளந்தவ. எம்புள்ள பனிக்காலத்துல பொறக்கும், அது மெத்துனு படுக்கணும்."

சரின்னு வெதைச்சாங்க. அப்புறம் ஒரு நாள் பருத்திக்காயத் திருப்பிப் பாக்கறா, ஓட்டை! உள்ள ஒரு பச்சைப்புழு, நறுக் நறுக்னு தின்னுட்டு இருக்கு. பக்கத்துக் காய்லயும் ஓட்டை.

மொதல்ல அடுப்புச் சாம்பல அள்ளிட்டு வந்து பொஸ்ஸு பொஸ்ஸுனு செடிமேல தூவுனா. சாயங்காலமே சடசடன்னு மழை. சாம்பல் எல்லாம் ஓடைக்குப் போயிருச்சு.

அப்புறம் சட்டில தண்ணிய வச்சுக்கிட்டு ஒவ்வொரு புழுவா எடுத்துப் போட்டா. ப்ளக்... ப்ளக்... ஆனா எவ்ளோ நேரம் குனிய முடியும்? உள்ள இருக்கற பாப்பா, "ஏம்மா குனியற?"ன்னு ஒதைக்குது.

"அத்தை, புழு பாவம் இல்ல?"

பாவம்தான்டி. பாப்பாவும் பாவம்தானே? தூங்கற நேரத்துல கேள்வி கேக்காத.

அப்புறம் பச்சைத் தழையக் குவிச்சு மூட்டம் போட்டா. புகைன்னா புகை, அப்படிப் புகை! புழு காய்க்குள்ள சொகமா இருக்கு. புகையெல்லாம் வெள்ளச்சி தொண்டைக்குள்ளதான் போச்சு. லொக்கு லொக்குனு இருமுனா. விடிஞ்சு பாத்தா, குரலே இல்ல!

சடையன் சந்தைக்குப் போயிருந்தான். காட்டுல இவ மட்டுந்தான். அப்போ கீச்சு கீச்சுனு பறவைக்கூட்டம் எறங்குது. இவ வாயத் தொறக்கறா, "ஹ்ஹ்"ங்குது, அவ்ளோதான். மைனாங்க கருகுன கட்டை மேல வரிசையா உக்காந்து இவளையே பாக்குதுங்க. தினையும் போச்சு, மெத்தையும் போச்சுன்னு பொத்துனு உக்காந்து அழுதா பாவம்.

அப்போ ஒரு மைனா, கட்டைலேர்ந்து பருத்திச் செடிக்குத் தாவி, டக்! ஒரு பச்சைப்புழு அலகுல நெளியுது. இன்னொண்ணு, டக்! இன்னொண்ணு, டக்! வெள்ளச்சிக்கு அழுகை நின்னுருச்சு. 'அட, வருசா வருசம் உங்களையா தொரத்துனேன்!'னு வாயப் பொத்திக்கிட்டா.

சடையன் வந்தான். "அய்யய்யோ தினை!"ன்னு கல்ல எடுத்தான். இவ ஓடிப்போயி அவன் கையப் புடிச்சுக்கிட்டா.

"பாதித் தினை போயிரும் புள்ள!"

காத்து மாதிரி ஒரு குரல்ல சொன்னா: "போகட்டும் மாமா. தினைய எங்கண்ணன் வீட்ல கேட்டு வாங்கிக்கலாம். மெத்தைய யாருகிட்டக் கேப்பேன்?"

அவன் கல்லக் கீழ போட்டுட்டான்.

பாதிக்கு மேலயே தினை போச்சு. ஆனா பருத்தி வெடிச்சுது பாரு, காடே வெள்ளையா! அந்த எடத்தக் காட்டுக்கே விட்டாங்க. மிச்சக் கதிர அறுக்காமலே வச்சுட்டு வந்தா வெள்ளச்சி, மைனாங்களுக்கு.

பனிக்காலத்துல பொண்ணு பொறந்துச்சு. மெத்தைல போட்டதும் உள்ள புதைஞ்சு தூங்கிருச்சு. அப்போ கூரை மேல மைனாங்க வந்து ஒரே கத்தல்! வெள்ளச்சிக்குத்தான் குரல் வந்துருச்சே? வெளிய ஓடிவந்து, மூச்ச இழுத்து, வாயத் தொறந்தா...

"ம்... அப்புறம்?"

வாய மூடிக்கிட்டா. அப்புறம் மேல பாத்து, மெதுவ்வா, இப்ப நான் சொல்றேன் பாரு, இவ்ளோ மெதுவா, "கத்தாதீங்கடி, புள்ள தூங்குது"ன்னா.

மைனாவும் தூங்கிருச்சு, கதையும் தூங்கிருச்சு. நீயும் தூங்குடி, என் வாயாடி.