கழுதை காத்த ரகசியம்

பனி பெய்யும் ஒரு மலைக்காட்டில் ஒரு கரடி மர வியாபாரம் செய்துவந்தது. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து ஏரிக்கரைக்கு இழுத்து வருவது நாற்பது கழுதைகளின் வேலை. அவற்றில் திடமான கழுதைகள் மேல் கொட்டிலில் இருந்தன. இழுத்து இழுத்து முட்டி தேய்ந்துபோன பதினொரு கழுதைகள் கீழ்க் கொட்டிலில் கிடந்தன.

ஒரு கோடையில் நாற்பதும் சேர்ந்து மரம் இழுக்கும் பாதையிலேயே படுத்துவிட்டன. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை! கரடி உறுமிப் பார்த்தது, உதைத்தும் பார்த்தது. ஒரு கட்டைகூட நகரவில்லை. நான்காம் நாள் வழிக்கு வந்தது.

"உங்கள்ல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்க. என் குகையில எனக்குச் சமமா உட்காரட்டும். அவரைக் கேட்காம இனி ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன்!" என்றது.

கழுதைகள் வெண்குளம்பனைத் தேர்ந்தெடுத்தன. நிதானமாகப் பேசுவான். பொய் சொல்ல மாட்டான். தாய் செத்த பிறகு அவனை வளர்த்தவள் அக்கா சாம்பி. அவளும் முட்டி போய்க் கீழ்க் கொட்டிலில்தான் கிடந்தாள்.

குகையில் உட்கார ஒரு நிபந்தனை இருந்தது. கரடியின் செயலாளர் காகம். அது தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: "குகைக்குள் பேசப்படும் எதுவும், கரடியார் அறிவிக்கும்வரை வெளியே போகக் கூடாது."

பெரிய இடத்துப் பழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று வெண்குளம்பன் நினைத்தான். குளம்பால் தரையைத் தட்டிச் சம்மதித்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கழுதையை நம்பி இதுவரை யார் ரகசியம் சொன்னார்கள்?

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. முதுகை அறுத்த கயிறு மாறியது. புண்ணுக்கு மருந்து வந்தது. கழுதைகள் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

இலையுதிர் காலம் பிறந்ததும் கரடி அவனைக் கூப்பிட்டது.

"மலைக்கு அந்தப் பக்கத்து ஓநாய்கள் நம்ம மரப் பாதையை மறிக்கப் போறாங்களாம். மறிக்காம இருக்கணும்னா கீழ்க் கொட்டில் பதினொண்ணையும் கேட்கிறாங்க. அடிவாரத்துக்குப் போற கணவாய் பனியில மூடினதும் கொடுத்துடலாம்னு இருக்கேன். உன் கருத்து என்ன?"

வெண்குளம்பன் துள்ளி எழுந்தான். "கூடாது! கூடவே கூடாது! அதுல எங்க அக்கா இருக்கா!"

"இதுக்குத்தானே உன்னைக் கேட்கிறேன்!" என்றது கரடி, அன்பாகவே.

காகம் மரப்பட்டையில் கீறிக்கொண்டது. "எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது."

"இன்னும் எதுவும் முடிவாகல. வேற வழி இருந்தா கொண்டா, பேசுவோம். ஆனா வெளியே மூச்சு விட்டியோ, பேச்சு அன்னிக்கே முறிஞ்சுடும். நான் பனிக்காகக் காத்திருக்க மாட்டேன்!"

வெண்குளம்பன் தூக்கம் தொலைத்து யோசித்தான். பேசியே அக்காவைக் காப்பாற்றிவிடலாம் என்று மனதார நம்பினான். கயிறு மாறவில்லையா, மருந்து வரவில்லையா? இரண்டாம் கூட்டத்தில், "எல்லாரும் பாதித் தீனி தின்னுக்கறோம், மிச்சத்தை வித்து ஓநாய்களுக்கு மீன் வாங்கிக் கொடுங்க" என்றான். "அருமை! பரிசீலிக்கிறோம்" என்றது காகம். மூன்றாம் கூட்டத்தில், "கீழ்க் கொட்டில்காரங்க சுள்ளியாவது பொறுக்குவாங்க" என்றான். அதுவும் அருமையாம். அதையும் பரிசீலித்தார்களாம். பட்டையில் கீறலுக்குப் பஞ்சமே இல்லை!

ஒரு நாள் மாலை சாம்பி நொண்டிக்கொண்டே அவனிடம் வந்தாள்.

"என்னடா தம்பி, முகம் இருண்டு கிடக்கு? குகையில என்ன பேசினாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பேச்சு நடந்துக்கிட்டிருக்கு."

"கீழ்க் கொட்டில்ல எல்லாரும் ஒரு யோசனை சொல்றாங்க. கணவாய் திறந்திருக்கும்போதே மெதுவா நடந்து, அடிவாரத்துப் புல்வெளிக்குப் போயிடலாமாம். இந்தக் குளிர் எங்க முட்டிக்குத் தாங்காது. நீ என்ன சொல்றே?"

போங்கள் என்ற சொல் அவன் வாய்வரை வந்தது. அவர்கள் போனால் ரகசியம் உடைந்தது தெரிந்துவிடும், கரடி நாளைக்கே பிடித்துக் கொடுத்துவிடும் என்று பயந்தான். தரையைத் தட்டிக் கொடுத்த வாக்கும் நினைவுக்கு வந்தது. பாவி, அந்தச் சொல்லை விழுங்கிவிட்டான்!

"பொறுக்கா. இங்கேயே இருங்க. நான் பார்த்துக்கறேன்."

"நீ சொன்னா சரிதான்" என்று அவள் திரும்பிப் போனாள்.

மேல் கொட்டிலுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஏரி உறைவதற்குள் மரங்கள் கரை சேர வேண்டும் என்று கரடி விரட்டிய காலம் அது. அப்போது மட்டும் நாற்பதும் பாதையில் படுத்திருந்தால் கரடி என்ன செய்திருக்கும்? அவை படுக்கவில்லை. மாங்கு மாங்கென்று இழுத்தன. கடைசிக் கட்டையும் கரை சேர்ந்தது. ஏரி உறைந்தது. மறுநாள் பனி கொட்டிக் கணவாய் மூடியது.

அன்று காலையே நான்காம் கூட்டம். காகம் பட்டையை நீட்டியது. "இதில் குளம்பைப் பதியுங்கள்."

"நான்தான் ஒத்துக்கலையே!"

"உங்கள் சம்மதத்தை யார் கேட்டார்கள்? உங்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்று மட்டுமே எழுதியிருக்கிறது. கேட்டோமா இல்லையா?"

கேட்டது உண்மைதான். பொய் சொல்லத் தெரியாத வெண்குளம்பன் குளம்பைப் பதித்தான்.

காகம் நேரே முற்றத்துக்குப் பறந்து, எல்லார் முன்னாலும் வாசித்தது: "கீழ்க் கொட்டில் பதினொன்றும் இன்று ஓநாய்களுக்குக் கொடுக்கப்படும். இது நாற்பது நாட்களுக்கு முன்பே உங்கள் பிரதிநிதிக்கு முறைப்படி தெரிவிக்கப்பட்டது. நான்கு கூட்டங்களில் அவர் கருத்துக் கேட்கப்பட்டது." அதற்குள் ஓநாய்கள் வேலியோரம் வந்து உட்கார்ந்திருந்தன.

மேல் கொட்டில் கழுதைகள் கத்திக்கொண்டே பாதையில் போய்ப் படுத்தன. கரடி கொட்டாவி விட்டது. இழுக்க ஒரு மரமும் மிச்சமில்லையே!

சாம்பி தம்பியின் எதிரே வந்து நின்றாள். "நாற்பது நாளா உனக்குத் தெரியுமா?"

"உனக்காகத்தான் பேசினேன்க்கா! கூட்டத்துக்குக் கூட்டம் பேசினேன்!"

"யார்கிட்டடா பேசினே?"

அவள் நொண்டியபடியே வேலிப் பக்கம் நடந்தாள். ஓடக்கூட முடியாத முட்டி. மற்ற பத்தும் அவள் பின்னால் போயின. வெண்குளம்பன் கண்ணை மூடிக்கொண்டான். காதை மூட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கரடி மறுபடி கூப்பிட்டது. "உட்கார். அடுத்த பனிக்கும் ஓநாய்களுக்கு வேணுமாம். இந்தத் தடவை மேல் கொட்டில்ல பத்துப் பேர். உன் கருத்து என்ன?"

வெண்குளம்பன் உட்காரவில்லை. வெளியே பாய்ந்து ஓடி, மூச்சிரைக்க முற்றத்தின் நடுவில் நின்று கத்தினான்: "அடுத்த பனிக்கு உங்கள்ல பத்துப் பேராம்! இப்பவே சொல்றேன், கேளுங்க! கணவாய் திறந்ததும் போயிடுங்க!"

கழுதைகள் வைக்கோலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒன்று மட்டும் மென்றுகொண்டே கேட்டது: "போன தடவை இருங்கன்னு சொன்னே. இந்தத் தடவை போங்கன்னு சொல்றே. இப்ப எதுக்காகக் கரடி உன்னை அனுப்பி வச்சுது?"

அவன் தொண்டை கிழியக் கத்தினான். ஒருவரும் நம்பவில்லை. அடுத்த பனியில் பத்துப் பேர் போனார்கள்.

தன்னை அனுப்பியவர்களிடமே சொல்லக் கூடாத ரகசியத்தைச் சுமக்க ஒப்புக்கொள்ளும் பிரதிநிதி, அந்த நொடியிலிருந்தே எதிராளிக்கு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறான்.