சடையன் பூட்டி வைத்த சைக்கிள்

அல்லிக்குளத்துக் கரையில், சேறு மணக்கும் ஒரு வளையில், சடையன் என்ற பெருச்சாளி தன் மனைவி மூக்காயியோடு குடியிருந்தான்.

பள்ளமான இடம். ஐப்பசி மழை பிடித்தால் குளத்துத் தண்ணீர் நேரே வளைக்குள் வந்துவிடும். போன மழையில் அப்படி வந்த தண்ணீர், கண் திறக்காத குட்டிகள் அத்தனையையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூக்காயி அழுது அழுது குரலே கம்மிப் போனாள்.

அப்புறம் ஒரே ஒரு குட்டி பிறந்தது. அதற்குத் தவிட்டாயி என்று பேர் வைத்தார்கள். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில் அப்படித்தான் வைப்பார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் எமன் ஏறெடுத்தும் பார்க்க மாட்டானாம்!

அந்தக் காட்டில் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்று, காக்காமலை உச்சி. அங்கே வளை சும்மா கிடைக்காது. மழைக்கு முன்னால் நடக்கும் மூன்றடுக்குப் பந்தயத்தை முடிக்க வேண்டும். முதலில் குளத்தை நீந்திக் கடக்க வேண்டும். அடுத்து காட்டைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்க வேண்டும். கடைசியில் மலை மேல் ஓட வேண்டும். முதலாவதாக வரவேண்டும் என்றுகூட இல்லை. பொழுது சாய்வதற்குள் உச்சிக்கல்லைத் தொட்டால் போதும். தொட்டவர் குடும்பத்துக்கு மழைக்காலம் முழுக்க மேட்டு வளை.

"இந்தத் தடவை நீங்க ஓடியே ஆகணும்!" என்றாள் மூக்காயி. "இன்னொரு குட்டியைத் தண்ணிக்குக் குடுக்க என் உடம்புல தெம்பு இல்லைங்க."

"ஓடறேன் புள்ள, கட்டாயம் ஓடறேன். ஆனா வீண் செலவு பண்ண மாட்டேன்!" என்றான் சடையன்.

அந்தக் காட்டில் செலவு என்றால் நிலக்கடலைதான். சடையன் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த கடலை வளையின் மூலையில் குவிந்து கிடந்தது. அதில் ஒன்றை எடுக்கச் சொன்னாலும் அவனுக்கு உயிரே போகும்.

பந்தயம் நடத்தும் நரியிடம் முன்கூட்டியே போய்ப் பேர் கொடுத்தான். சீக்கிரம் வந்தவர்களுக்குக் கட்டணம் பாதி. குரங்கு வேலப்பன் கடைக்குப் போனான். பளபளக்கும் புது வரவுகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த போன வருஷத்துச் சைக்கிளையும், விற்காமல் நின்ற ஒரு ஜோடி ஷூவையும் அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கினான்.

இதுவரைக்கும் அவன் செய்ததில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனம்தான். அதோடு நின்றிருக்கலாம், பாவி!

வாங்கி வந்த சைக்கிளைத் தேக்கிலையால் சுற்றினான். வளையின் கூரையில் தொங்கிய வேரில் கட்டிப் பூட்டுப் போட்டான். ஷூவையும் இலையில் பொதிந்து மேலே செருகினான்.

"என்னங்க இது? ஓட்டிப் பழக வேண்டாமா?" என்றாள் மூக்காயி.

"பழகினா டயர் தேயும்!"

"ஷூவையாவது போட்டுப் பாருங்களேன்!"

"அடிப்பாகம் தேயும்! புதுசை நல்ல நாள்லதான் தொடணும். தீபாவளித் துணியை யாராவது முந்தின மாசமே கட்டிக் கிழிப்பாங்களா?"

மூக்காயி தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அவள் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

அதற்காகச் சடையன் சும்மா இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் மல்லாந்து படுத்துக்கொண்டு நாலு காலையும் ஆகாசத்தில் தூக்கி மிதிமிதி என்று மிதிப்பான். பார்த்தவர்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பக்கத்துப் புதரில் பொன்னுருவி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். அவளும் இல்லாதப்பட்டவள்தான். தம்பியிடம் இரவல் வாங்கிய ஓட்டைச் சைக்கிளில் தினமும் காட்டைச் சுற்றி வந்தாள். விழுந்தாள், எழுந்தாள், டியூப் போனால் தானே ஒட்டுப் போட்டாள்.

"சடையண்ணே! வெறுங்காத்தை மிதிச்சு என்ன ஆகப்போகுது? வண்டியை இறக்குங்க, சேர்ந்து போவோம்!" என்று கூப்பிட்டாள்.

"உனக்கென்னம்மா, இரவல் வண்டி! தேஞ்சா அடுத்தவன் சொத்துதானே தேயுது!" என்றான் சடையன். பொன்னுருவிக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவள் கூப்பிடவில்லை.

பந்தய நாள் வந்தது. மேற்கே வானம் கருத்துக் கிடந்தது.

மூக்காயி வெல்லமும் கடலையும் இடித்து உருண்டை பிடித்து, சின்ன மூட்டையாக அவன் இடுப்பில் கட்டினாள். "வழியில பசிச்சா தின்னுங்க. மிச்சம் பிடிக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்றாள். தவிட்டாயி அப்பனின் வாலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "மேட்டு வீட்டுக்குப் போகப் போறோம்டி தங்கம்!" என்று முகர்ந்துவிட்டுக் கிளம்பினான் சடையன்.

நீச்சலில் அவனுக்குக் குறையே இல்லை. பெருச்சாளிக்கு யாராவது நீந்தச் சொல்லித்தர வேண்டுமா? அக்கரையில் முன்வரிசையிலேயே ஏறினான். முந்தின நாளே பூட்டைத் திறந்து, ஷூவோடு சுமந்துவந்து அங்கே வைத்திருந்த சைக்கிளின் தேக்கிலையைப் பிரித்தான். மனசெல்லாம் பூரிப்பு!

ஏறி உட்கார்ந்த பிறகுதான் கால் மிதிக்கு எட்டவில்லை என்று தெரிந்தது. நுனிக்காலால் எட்டி எட்டி மிதித்தான். வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. நாலு மரம் தாண்டுவதற்குள் 'டப்' என்றது. ஈர வளைக்குள் மாசக்கணக்கில் தொங்கிய டயர் வெடிப்பு விட்டுக் கிடந்திருக்கிறது. ஒருநாள் ஓட்டியிருந்தாலும் தெரிந்திருக்கும்.

வழியோரத்தில் வேலப்பன் ஒட்டுப் போடும் சாமான்களோடு உட்கார்ந்திருந்தான். "வாய்யா, வா! ஒரு பிடி கடலை குடு. உடனே ஒட்டித் தரேன்!"

"ஒரு பிடியா? பகல் கொள்ளையா இருக்கே! அரைப் பிடி தரேன்."

"யோவ், பொழுது போகுதுய்யா! பேரம் பேசற நேரமா இது?"

"அரைப் பிடின்னா ஒட்டு. இல்லேன்னா ஆளை விடு!"

வேலப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சடையனும் விறைப்பாகச் சைக்கிளைத் தள்ளினான். கொஞ்ச தூரம் தள்ளியதும், சக்கரம் நசுங்கிவிடுமே என்று வண்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஐயோ, அந்தக் கோலத்தை என்னவென்று சொல்வது! சைக்கிள் அவனைச் சுமக்க வேண்டிய வழியெல்லாம் அவன் சைக்கிளைச் சுமந்தான். ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். பொன்னுருவியும் லொடலொடவென்று தாண்டிப் போனாள்.

பசி குடலைப் பிடுங்கியது. இடுப்பு மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். 'இருக்கட்டும். மழையில புள்ளைக்கு ஆகும்' என்று முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினான். பிள்ளை மேல் அவனுக்கு ஆசை இல்லாமலா? உயிரையே வைத்திருந்தான்.

மலையடிக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஷூவைப் போட்டுப் பார்த்தான். உள்ளே கால் நுழையவே இல்லை. திணித்துப் போட்டு ஓடினால் தோல் உரிந்தது. கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி ஏறினான். கண் இருட்டியது.

உச்சிக்கல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் கால் மடிந்து விழுந்தான்.

மேலே கல்லைத் தொட்டு நின்ற பொன்னுருவி பதறிப்போய்க் கத்தினாள்: "அண்ணே! இன்னும் கொஞ்சந்தான்! வாயில ஏதாவது போட்டுக்கிட்டு எழுந்திருங்கண்ணே!"

அப்போதுதான் சடையன் மூட்டைக்குக் கையைக் கொண்டுபோனான். இறுக்கிய முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தான். பல்லிலும் பலம் இல்லை. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தான். கல்லை அவன் தொட்டபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.

"நேரம் முடிஞ்சு போச்சு" என்றது நரி.

"ஐயா! சாமி! ஒரே ஒரு குட்டிங்க! போன தடவை எல்லாத்தையும் பறிகுடுத்தவங்க நாங்க!"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, சடையா. ஆனா நேரத்துல தொட்டவங்களுக்கே வளை எல்லாம் சரியாப் போச்சு. யாரை வெளியே அனுப்பட்டும், நீயே சொல்லு!"

சடையன் உச்சிக்கல்லைக் கட்டிக்கொண்டு அழுதான்.

பொன்னுருவி ஓடிவந்தாள். "அழாதீங்கண்ணே! குட்டியைக் கொண்டு வாங்க. என் வளையில எப்படியாவது இடம் பண்றேன். ஓடுங்க!"

சடையன் ஷூவை அங்கேயே போட்டுவிட்டு, மலையடியில் விட்டு வந்த சைக்கிளையும் மறந்து இறங்கி ஓடினான். பாதி மலை இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை அந்தக் காடு பார்த்ததில்லை. பாதையே ஓடையாகிவிட்டது. உருண்டான், புரண்டான், வேரைப் பிடித்துத் தொங்கினான். குளக்கரைக்கு அவன் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது.

கரையும் இல்லை, வளையும் இல்லை. எங்கும் செம்மண் தண்ணீர். ஒரு தாழம்புதரின் மேல் மூக்காயி உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒன்றும் இல்லை.

"புள்ள எங்கடி?" என்று அலறினான் சடையன்.

மூக்காயி அழவில்லை. தண்ணீரைக் காட்டினாள். அப்புறம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாயில கவ்விக்கிட்டுத்தாங்க நீந்தினேன். இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நீங்க போயி உங்க கடலை நனையாம இருக்கான்னு பாருங்க" என்றாள்.

சடையன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். தவிட்டாயி, தவிட்டாயி என்று நாள் முழுக்கக் கரையோரம் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தான். பதிலுக்கு மழைதான் பெய்தது.

உயிரைக் காக்க வாங்கிய பொருளை, தேய்ந்துபோகுமே என்று பயன்படுத்தாமல் பூட்டி வைப்பவன், பொருளையும் இழப்பான், உயிரையும் இழப்பான்.