ஏழு பச்சை, ஒரு சிவப்பு

டாக்டர் ஹசீனாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் பாடம் கேட்ட தீயணைப்பு நிலைய அதிகாரி குலசேகரனுக்கு ஐம்பத்துநான்கு. வீரர்களின் மணிக்கட்டில் பட்டை கட்டி, நாடித்துடிப்பையும் வியர்வையையும் வைத்து மனஅழுத்தத்தை அறிகிற பாடம் அது. குலசேகரன் சிரத்தையாகத்தான் கற்றார். பாதி கற்றதுமே அதிகாரமும் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

பஞ்சுக் கிடங்குத் தீ அணைந்த மறுநாள் காலை, மடிக்கணினியோடு ஹசீனாவிடம் வந்து நின்றார். எட்டுப் பேரில் ஏழு பேர் பச்சை. சூசைமாணிக்கம் மட்டும் சிவப்பு, அதாவது அழுத்தம் அதிகம். போன மாதம் சிவப்பு காட்டியவரை டெலிபோன் எடுக்கும் வேலைக்கு மாற்றியதுபோல் இவரையும் மாற்ற உத்தரவு தயாராக இருந்தது. பதினாறு வருடம் தீக்குள் போய்வந்த மனிதருக்கு அதைவிட அவமானம் கிடையாது.

"நான் படிச்சது சரிதானே, டாக்டர்?"

ஹசீனா ஏழு பச்சை நாடிக் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். ஏழும் ஒரே கோடாகத் தெரிந்தன. நடுவில் ஓரிடத்தில் ஏழும் சேர்ந்து துள்ளியிருந்தன.

"அப்போ வண்டிகிட்ட யார் சார் இருந்தாங்க?"

டிரைவர் பரமனை அழைத்தார்கள். அவர் ஒப்புக்கொண்டார். சிவப்பு வந்தால் தூக்கிவிடுவார்கள் என்று பயந்து, உள்ளே போகுமுன் ஆறு பேர் பட்டையைக் கழற்றி வண்டியிலேயே இருந்த பரமன் கையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏழாவது அவருடையது. அந்தத் துள்ளலுக்கும் காரணம் இருந்தது.

"நாய் துரத்திருச்சு சார்."

சூசைமாணிக்கம் ஏன் கழற்றவில்லை என்று ஹசீனா கேட்டார்.

"சொல்லிப் பார்த்தோம் மேடம். உள்ளே எனக்கு ஏதாச்சும்னா ஐயாவுக்குத் தெரியணுமேன்னு சொல்லிட்டாரு."

குலசேகரனுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. வெட்கத்தை விழுங்கிவிட்டுக் கோபத்தை மட்டும் வெளியே விட்டார். ஆறு பேர் மீதும் நடவடிக்கை எடுக்கப்போவதாகச் சொன்னார்.

ஹசீனா மேசைமேல் கிடந்த பட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கட்டினார். சற்று நேரத்தில் சிவப்பு எரிந்தது.

குலசேகரன் அந்தச் சிவப்பைப் பார்த்துக் கேட்டார்.

"என்னை எங்கே மாத்தப்போறீங்க, டாக்டர்?"

"எங்கேயும் இல்ல சார். தண்ணி குடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்க. அடுத்த அழைப்பு வந்தா நீங்கதான் போகணும்."